மணிக்கொடியும் எழுத்தும்

புதுக்கவிதை எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் ‘எழுத்து’ இதழைச் சொல்வார்கள். ஆனால் ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ 1934லேயே ‘மணிக்கொடி’யில் வெளிவந்துவிட்டது. புதுக்கவிதை இயக்கமாகத் திரள ஏன் கால் நூற்றாண்டு பிடித்தது? விடை இவ்விரு இதழ்களின் சுபாவத்தில் இருக்கிறது.

மணிக்கொடி 1933இல் தேசிய அரசியல் பேசும் வார இதழாக வந்தது. கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் அதை முன்னின்று நடத்தினார்கள். 1935இல் பி.எஸ். ராமையா பொறுப்பேற்றதும் அது சிறுகதை இதழாகவே மாறியது. புதுமைப்பித்தனின் சீற்றம், கு.ப.ரா.வின் மென்மை, மௌனியின் அகவுலகம் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ராமையா மூன்றுக்கும் இடம் தந்தார். மௌனிக்கு அந்தப் புனைபெயரைச் சூட்டியவரும் அவரே. நல்ல கதையைக் கண்டதும் அச்சேற்றும் அந்தத் தாராளம்தான் தமிழ்ச் சிறுகதையை உருமாற்றியது என்பேன். கதை என்ற வடிவத்துக்கு ஏற்கெனவே வாசகர் இருந்தார்கள். வாதாடி நிலைநாட்ட வேண்டியிருக்கவில்லை. யாப்பை உதறிய கவிதையின் நிலை வேறு. அது கவிதைதானா என்ற கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலையை மணிக்கொடி மேற்கொள்ளவில்லை. நாற்பதுகளில் வேறு சில இதழ்களும் இத்தகைய கவிதைகளை வெளியிட்டன. அவையும் தனித்தனிக் குரல்களாகவே நின்றன.

மணிக்கொடியில் கதை எழுதி வளர்ந்த சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் எழுத்தைத் தொடங்கியபோது அவர் மனத்தில் முதலிடம் விமர்சனத்துக்குத்தான். கவிதை தழைத்தது அதனால்தான். கவிதையும் அதைப் பற்றிய தர்க்கமும் ஒரே இதழில் அருகருகே வந்தன. திருகோணமலையிலிருந்து எழுதிய இளைஞர் தருமு சிவராமு கவிதையோடு விமர்சனமும் எழுதினார். சி. மணி ‘நரகம்’ போன்ற நெடுங்கவிதையில் நகரத்தையே பொருளாக்கினார். பிச்சமூர்த்திக்கும் தம்மைத் தொடர்ந்து வரும் ஒரு தலைமுறை கிடைத்தது. 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது தனிக்குரல்கள் ஒரு போக்காகத் தெரிந்தன. செல்லப்பா தம் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனதையும் இந்த வாதாட்டத்தின் பகுதியாகவே கருதுகிறேன்.

சிறுகதையில் மட்டும் எழுத்து மணிக்கொடியை எட்டவில்லை. அளவுகோலைக் கையில் வைத்திருந்த இதழுக்கு ராமையாவின் தாராளம் வாய்க்கவில்லை என்றே தோன்றுகிறது. 1970இல் எழுத்து நிற்பதற்குள் சி. மணி சேலத்து நண்பர்களோடு ‘நடை’ இதழைத் தொடங்கிவிட்டார்; அதே 1970இல் சென்னையில் ‘கசடதபற’ இதழும் கிளம்பியது.