கற்பனை மாந்தரின் கதியும் ரசிகர்களின் ஊகமும்

தொடர்கதைப் பாத்திரங்களுக்கு நேரவிருக்கும் கதியை முன்கூட்டியே ஊகித்து விவாதிக்கும் வழக்கம், ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் தொடர்கதை நாயகியான ‘நெல்’ என்னும் சிறுமி பிழைப்பாளோ என்று 1841-இல் வாசகர்கள் தவித்த காலத்திலேயே வேரூன்றியிருந்தது. 1960-களின் நியூயார்க் விளம்பர நிறுவனமொன்றைச் சித்திரித்து, 2007 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘மேட் மென்’ தொடர் அவ்வழக்கத்துக்குப் புத்துயிர் அளித்தது. முகப்புக் காட்சியில் உயர்மாடங்களினின்று வீழும் மனித உருவைக் கண்டோர் நாயகன் டான் டிரேப்பர் குதித்தே மாள்வான் என்றும், 1969-இல் படுகொலையுண்ட நடிகை ஷேரன் டேட் ஒரு புகைப்படத்தில் அணிந்திருந்ததையொத்த சட்டையை அவன் மனைவி மேகன் அணிந்தமையால் அவளுக்கும் அக்கதியே என்றும் அனுமானித்தனர். ஆயினும் மேகன் கொலையுண்ணவில்லை. டானோ கலிபோர்னியக் கடலோரக் குன்றில் தியானத்தில் அமர்ந்து புன்னகைக்க, 1971-ஆம் ஆண்டின் கோகோ கோலா விளம்பரத்தோடு தொடர் நிறைவுற்றது. ஊகங்கள் பொய்த்தபோதிலும், கற்பனை மாந்தரின் க்ஷேமத்தில் இத்துணை அக்கறை கொள்ளும் ரசிகர்களைப் பெறுவது எந்தக் கலைக்கும் பெரும் பாக்கியமே.