மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்கு ஏன் கெடா? ஒரு நொதியின் கதை

பெருமாநல்லூரில் எங்க அம்மாயிக்கு ஏழு வெள்ளாடு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்ட பிறகு வருமானமும் அதுதான், பொழுதுபோக்கும் அதுதான். போன தடவை போயிருந்தப்போ கேட்டாங்க: "மாடு பருவத்துக்கு வந்தா டாக்டர் வந்து சினை ஊசி போட்டுட்டுப் போறாரு. ஆட்டுக்கு மட்டும் ஏஞ்சாமி கெடாயத் தேடி அலையோணும்?"

பதில் தேடிப் போனதில் கிடைத்த வரலாறு இது.

இந்தியாவில் செயற்கைக் கருவூட்டல் 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் தொடங்கியது. சம்பத் குமாரன் என்பவர் மாடுகளில் செய்து பார்த்தார். அப்போதிருந்த பெரிய சிக்கல், விந்தை எப்படிக் கெடாமல் வைப்பது என்பது. குளிரவைத்தால் விந்தணுவின் மேல்சவ்வு சேதமாகி அணு செத்துவிடும். 1940-ல் அமெரிக்காவின் பிலிப்ஸும் லார்டியும் ஒரு வழி கண்டார்கள்: கோழிமுட்டையின் மஞ்சள் கருவைக் கலந்தால் விந்தணு குளிரைத் தாங்குகிறது. அடுத்த வருஷமே சாலிஸ்பரி குழு மஞ்சள் கருவோடு சிட்ரேட் உப்பைச் சேர்த்தது. 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசரால் சேர்த்தால் விந்தை உறைய வைத்தும் காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். காளைக்கான பக்குவம் இப்படித்தான் உருவானது.

அதே பக்குவத்தை வெள்ளாட்டுக் கெடாவுக்கும் செய்து பார்த்தார்கள். கலவை பால் திரிந்த மாதிரி கட்டிப்போனது. விந்தணுக்கள் செத்தன.

காரணத்தைச் சொன்னவர் ஒரு இந்திய ஆய்வாளர். ஏ. ராய், 1957-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்: கெடாவின் விந்தில் மஞ்சள் கருவை உறைய வைக்கும் ஒரு நொதி இருக்கிறது, கௌப்பர் சுரப்பியிலும் அது இருக்கிறது. அது பாஸ்போலிபேஸ் என்னும் வகை என்பது பிறகு தெளிவானது. மஞ்சள் கருவில் லெசிதின் என்ற கொழுப்பு உண்டு. நொதி அதை உடைத்து லைசோலெசிதினாக மாற்றுகிறது. இது சோப்பு மாதிரி வேலை செய்து விந்தணுவின் சவ்வையே கரைக்கப் பார்க்கும். காப்பாற்றச் சேர்த்த பொருளே விஷமாகிறது!

சரி, மஞ்சள் கரு வேண்டாம், கொழுப்பெடுத்த பாலைச் சேர்க்கலாமா? அதையும் செய்தார்கள். அதே சுரப்பியிலிருந்து வரும் லிபேஸ் என்ற இன்னொரு நொதி, பாலில் மிச்சமிருக்கும் கொழுப்பை உடைத்து விந்தணுவைத் தளரவைக்கிறது என்று பிரான்ஸ் ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டார்கள்.

நொதி கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. விந்தணுவின் தலைநுனியில் ஹயலூரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. முட்டையைச் சுற்றியுள்ள செல்களின் பசையைத் தளர்த்தி வழி விடுவதில் அதுக்குப் பங்குண்டு. கௌப்பர் சுரப்பி நொதியாலும் இயற்கைச் சேர்க்கையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கோழிமுட்டை எங்கே வந்தது? தப்பு, காளைக்குச் செய்த பக்குவம் கெடாவுக்கும் ஒத்துப்போகும் என்று நம்பியதில்தான்.

வழிகள் இல்லாமல் இல்லை. விந்தைச் சுழற்றி, நொதி கலந்த திரவத்தைப் பிரித்து, அணுக்களைக் கழுவி எடுக்கலாம். மஞ்சள் கருவின் அளவைக் குறைக்கலாம். ஆட்டு உறைவிந்து இப்போ இருக்கிறது. ஆனால் கழுவினால் வேலை கூடும், அணுக்களில் கொஞ்சம் வீணாகும். ஆட்டின் கருப்பை வாயும் குறுகல், ஊசிக்குழல் லேசில் உள்ளே போகாது. ஏழு ஆட்டுக்காக ஒருவர் வாசல் தேடி வருவதும் கட்டுப்படியாகாது. ஆக நொதி மட்டுமே காரணமில்லை. ஆனால் முதல் முட்டுக்கட்டைகளில் அதுவும் ஒன்று.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? நன்றாக வளரும் கெடாக்குட்டிதான் நோம்பிக்கும் கறிக்கடைக்கும் முதலில் போகிறது. மெலிந்தது மிஞ்சி, ஊர் ஆடுகளுக்கெல்லாம் அப்பனாகிறது. பல வருஷம் அதே கெடா இருந்தால் தன் மகள்களோடே சேர்கிறது. குட்டிகள் வலுவிழக்கும்.

எல்லாவற்றையும் அம்மாயிகிட்டச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுட்டு, "அந்தக் கருப்புக் குட்டிய இந்த நோம்பிக்கு விக்கல சாமி. வளத்தி, பக்கத்து ஊர்க் கெடாயோட மாத்திக்கலாம்" என்றாங்க. இன்றைய நிலவரத்தில் அதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை.