கிளிப் கழட்டிய பிறகும் ரீட்டெய்னர் ஏன்? போடாவிட்டால் ‘பைட்’ என்ன ஆகும்?

கிளிப் கழட்டியாச்சு, பல் வரிசையும் நேராகிவிட்டது. அவ்வளவுதானே? இல்லை. ஊரில் சிகிச்சை முடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தபின், உங்கள் ரீட்டெய்னர் டப்பாவிலேயே கிடக்கிறதா? இதைப் படியுங்கள்.

பல் ஏன் திரும்பிப் போகிறது?

பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நுண்ணிய நார்கள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. வேரைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக 3 முதல் 4 மாதங்கள் ஆகும். ஈறுப் பகுதி நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும்.

அப்போ ஒரு வருடம் போட்டால் போதுமா?

போதாது. ரீட்டெய்னரை நிறுத்திய 31 பேரை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தனர். 1988-ல் வெளியான முடிவு: கீழ் முன்பற்கள் ஏற்கத்தக்க வரிசையில் இருந்தது சுமார் 10% பேருக்குத்தான். வயது கூடும்போது கிளிப்பே போடாதவர்களுக்கும் கீழ்ப்பற்கள் நெருங்கும். அதனால்தான் பல மருத்துவர்கள் இரவில் மட்டுமாவது நீண்டகாலம் போடச் சொல்கிறார்கள்.

பைட் எப்படி மாறும்?

மேல், கீழ்ப் பற்கள் கடிக்கும்போது சேரும் விதமே ‘பைட்’. அது ரீட்டெய்னர் வகையைப் பொறுத்தது.

* கம்பியும் அக்ரிலிக் தகடும் (ஹாலி): கடைவாய்ப் பற்களின் கடிக்கும் பரப்பை மூடாது. அவை மெல்ல நகர்ந்து இன்னும் நன்றாகப் பொருந்தும்.
* கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்: எல்லாப் பற்களையும் மூடுவதால் இந்தப் பொருத்தம் குறைவாகவே நடக்கும். காலையில் கழட்டியதும் பற்கள் சேராததுபோல் தோன்றலாம். பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். கடைசிப் பல் மூடப்படாமல் இருந்தால் அது எழும்பி, முன்பற்கள் சேராமல் போகக்கூடும்.
* உட்புறம் ஒட்டிய கம்பி: முன்பற்களை மட்டுமே காக்கும். ஒட்டு விட்டுப்போனால் உங்களுக்குத் தெரியாமலேயே பல் நகரலாம்.

ரீட்டெய்னர் டைட்டா இருக்கா?

பல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முழுதாக உட்கார்ந்தால் மீண்டும் போட ஆரம்பியுங்கள். உட்காரவில்லை என்றால் அழுத்தித் திணிக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பைட் வித்தியாசம் நாள் முழுக்க நீடித்தாலும் அப்படியே.

பெங்களூரில் கவனிக்க வேண்டியவை

போர்வெல், டேங்கர் தண்ணீரின் உப்பு ரீட்டெய்னரில் வெள்ளையாகப் படியும். குடிநீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஊர் மருத்துவரிடம் எக்ஸ்ரே, சிகிச்சை விவரங்களை வாங்கி வைத்திருந்தால் இங்குள்ள மருத்துவர் எளிதாகத் தொடர முடியும். கே.ஆர். மார்க்கெட் அருகே விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

உடைந்தாலோ தொலைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். மறுபடி கிளிப் போடுவதைவிடப் புது ரீட்டெய்னருக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.