ஏடும் ஒப்பந்தமும்: கொழும்பு வழியே நிகழ்ந்த சில கல்விப் பரிமாற்றங்கள்

பல்கலைக்கழகங்கள் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு ஆசிரியரையும் மாணவரையும் பரிமாறிக்கொள்ளுதல் இக்காலக் கல்வியுலகின் வழமைகளுள் ஒன்றாகிவிட்டது. டென்மார்க், சுவீடன், நோர்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து என்னும் வடபுல ஐரோப்பிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள், சீனத்தின் சங்காய் நகரிலுள்ள ஃபூடான் பல்கலைக்கழகத்தோடு கூடி 1995ஆம் ஆண்டில் அங்கு ஒரு மையத்தை நிறுவியமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இத்தகைய இணைப்புகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிதியையும் புலமைப்பரிசில்களின் தொகையையுமே கணக்கிடுவர். வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. யார் யாருடைய மொழியைக் கற்றனர்? கற்றதன் பயன் எவ்விடத்திற் சென்று தங்கிற்று? வடபுல ஐரோப்பாவோடும் சீனத்தோடும் கொழும்பு தனித்தனியே கொண்டிருந்த கல்வித் தொடர்புகள் சிலவற்றை இவ்வினாக்களை முன்வைத்து ஈண்டு நோக்குவோம்.

சீனத் தொடர்பு மிகப் பழையது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஹியன் அநுராதபுரத்தில் ஈராண்டு தங்கி, தம் நாட்டில் அதுகாறும் கிடையாத நூல்களைப் படியெடுத்துச் சென்றமை பலரும் அறிந்தது. அத்துணை அறியப்படாத செய்தி, அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் இலங்கைப் பிக்குணியர் நான்கிங் நகருக்குச் சென்றமையாகும். 429ஆம் ஆண்டில் நந்தி என்னும் கப்பலோட்டியின் கலத்திற் சிலர் சென்றனர். சீனப் பெண்களுக்குத் துறவு நிலை அளிக்க அவர்களின் தொகை போதாமையின், 433இல் மற்றொரு குழுவும் சென்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் முன்னர்ச் சென்றோர் சீன மொழியைக் கற்றுக்கொண்டனர் எனச் சீனப் பிக்குணியர் வரலாற்று நூல் குறிப்பிடுகின்றது. அவர்கள் ஒப்பந்தம் எதிலும் கையொப்பமிட்டதாகத் தெரியவில்லை. எனினும் முழுமையான பரிமாற்றம் என்று சொல்லத்தக்கது அதுவே என்பது எமது கருத்து.

வடபுலத் தொடர்பு மிகப் பிந்தியது. மொழியியலின் முன்னோடிகளுள் ஒருவரான டேனிய அறிஞர் ராஸ்முஸ் ரஸ்க், உருசியா, பாரசீகம், இந்தியா ஆகிய நாடுகளின் வழியாக 1821ஆம் ஆண்டின் இறுதியிற் கொழும்பை அடைந்தார். சிங்கள எழுத்துமுறை பற்றி டேனிய மொழியில் அவர் எழுதிய சிறு நூலொன்று அவ்வாண்டிலேயே கொழும்பில் அச்சாயிற்று. டேனிய மொழி படிக்க வல்லார் அன்று இந்நகரில் எத்தனை பேர் இருந்திருப்பர் என எண்ணுகையில் நகைப்பே தோன்றும். பாளி ஏடுகள் பலவற்றைத் திரட்டிக்கொண்டு 1823இல் அவர் கோபன்ஹேகன் திரும்பினார். அந்நகர் பாளிக் கல்வியின் ஐரோப்பியத் தலைநகராவதற்கு இவ்வேடுகளே முதலீடாயின. பௌஸ்போல் 1855இல் தம்மபதத்தை இலத்தீன் மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். பின்னர் 1877 முதல் 1896 வரை சாதகக் கதைகளின் பெரும் பதிப்பைக் கொணர்ந்தார். டேனியரான ஆண்டர்சனும் சுவீடியரான ஹெல்மர் ஸ்மித்தும் 1924இல் வெளியிடத் தொடங்கிய பாளிப் பேரகராதியும் இம்மரபின் விளைவேயாகும்.

இதனைப் பரிமாற்றம் எனலாமா? ஏடு சென்றது, பதிப்பு வந்தது. ஆயின் ஏட்டை விளக்கியவர் பெயர் பதிப்பில் ஒரு நன்றியுரையாகவே நின்றது. வஸ்கடுவே சுபூதி தேரர் போன்றோர் ஐரோப்பிய பாளி அறிஞர்களுக்கு ஐயம் தெளிவித்து எழுதிவந்த கடிதத் தொடர்பின் அளவு, ஆனந்த குருகே 1984இல் அக்கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே பலருக்குத் தெரியவந்தது. தபால் வழியே ஒரு பல்கலைக்கழகமே நடந்துள்ளது. அதன் பட்டங்கள் மட்டும் ஒரு கரையில் வழங்கப்பட்டன.

சீனர் இந்நிலையைத் தம் நாட்டளவில் மாற்றியமைத்த விதம் ஒப்புநோக்கத்தக்கது. சுவீடன் நாட்டு ஆய்வுப் பயணி ஸ்வென் ஹெடின் 1927ஆம் ஆண்டில் பெரும் குழுவொன்றுடன் வடமேற்குச் சீனத்தை ஆராய முற்பட்டபோது, பீக்கிங் நகர்க் கல்விச் சங்கங்கள் எதிர்த்தெழுந்தன. மத்திய ஆசியாவின் ஏடுகளையும் ஓவியங்களையும் அயலார் வண்டி வண்டியாக ஏற்றிச் சென்றதை அவை மறக்கவில்லை. முடிவில் அவ்வாண்டு ஏப்ரல் 26இல் 19 பிரிவுகள் கொண்ட உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூ பிங்சாங் ஹெடினுக்கு இணையான தலைவரானார். சீன அறிஞரும் மாணவருமாகப் பதின்மர் குழுவிற் சேர்ந்தனர். தொல்பொருள்கள் சீனத்துக்கே உரியன என்பது வரையறுக்கப்பட்டது. இக்குழுவைச் சார்ந்த பெர்க்மன் 1930ஆம் ஆண்டு முதல் கண்டெடுத்த, ஹான் காலத்தைச் சேர்ந்த சுமார் 10,000 எழுத்துப் பலகைகள் ஸ்டொக்ஹோமுக்கன்றிப் பீக்கிங்குக்கே சென்றமை இவ்வுடன்படிக்கையின் பயனாகும். போர்க்காலத்தில் அவை ஹொங்கொங்கிலும் வாஷிங்டனிலும் அடைக்கலம் புகுந்து 1965இல் தாய்வானைச் சேர்ந்தது தனிக்கதை. ரஸ்க்கின் வருகைக்கும் இவ்வுடன்படிக்கைக்கும் இடையிலான நூறாண்டில், கல்வித் தொடர்பின் நிபந்தனைகளை ஏழை நாடும் எழுதலாம் என்பது நிலைநாட்டப்பட்டது.

இனி மீண்டும் கொழும்புக்கு வருவோம். மட்டக்குளியை அடுத்த கொட்டாஞ்சேனையில் 1898ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர் விக்டர் இமானுவேல் பெரேரா புள்ளே. புள்ளே என்பது தென்னிந்திய வழிவந்த கொழும்புச் செட்டிமாரிடையே வழங்கும் பெயராகும். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்ட இவர் 1936இல் தம் நண்பர் கேமிந்தருடன் யப்பான் சென்று, எஹாரா என்னும் அறிஞரின் துணையோடு ஓர் அரிய பணியைச் செய்தார். உபதிஸ்ஸர் இயற்றியதாகக் கூறப்படும் விமுத்திமார்க்கம் என்னும் நூலின் பாளி மூலம் மறைந்துவிட்டது. 515ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சீன மொழிபெயர்ப்பே எஞ்சி நின்றது. அச்சீன நூலை மூவரும் சில திங்களில் ஆங்கிலமாக்கினர். கடல் கடந்து சென்ற சொத்தொன்று ஆயிரத்து நானூறு ஆண்டின் பின் வேற்றுடை தரித்து மீண்டது எனலாம். அவ்வாண்டு நவம்பரில் பர்மாவில் துறவு பூண்ட இவரே சோம தேரர் எனப் பின்னர் அறியப்பட்டார்.

அக்காலத்திற் சீன பௌத்த சீர்திருத்தத்தின் தலைவராக விளங்கிய தைசூ 1940இல் இலங்கைக்கு வந்து, பேராசிரியர் மலலசேகர முதலியோரைச் சந்தித்துச் சென்றார். பாளி மரபும் சீன மரபும் ஒன்றையொன்று அறியாதிருப்பது இருதிறத்தார்க்கும் இழப்பென்பது அவர் கருத்து. அவருடைய மாணவர் ஃபாஃபாங் இங்கு வந்து, மட்டக்குளிக்கு எதிரே களனி கங்கையின் வடபுறத்தில், பேலியகொடையிலிருந்த வித்தியாலங்காரப் பிரிவேனாவிற் பாளி பயின்றார். சீன பௌத்தம் பற்றி அங்கு கற்பித்தவரும் அவரே. போர் முடிந்ததும் திட்டம் உருப்பெற்றது. சீனத்தின் சியான் நகரில் பாளிக் கல்லூரியொன்று அமையும். இலங்கைத் துறவியர் அங்கு சென்று கற்பிப்பர். சீனத் துறவியர் இங்கு வந்து கற்பர். ஒருவர் கொடுக்க மற்றவர் பெறும் ஏற்பாடாக இஃது அமையவில்லை என்பதே இதன் சிறப்பு.

சோம தேரர், கேமிந்த தேரர், பஞ்ஞாசீக தேரர் ஆகிய மூவரும் 1946ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் சங்காய் நகரை அடைந்தனர். அதற்கப்பால் அவர்களாற் செல்ல இயலவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. சியானுக்குச் செல்லும் வழி அடைபட்டது. சில திங்கள் காத்திருந்து, ஹொங்கொங் வழியாகத் திரும்பினர். 1947 மார்ச்சில் தைசூவும் காலமானார். பாளிக் கல்லூரி தாளிலே பிறந்து தாளிலே முடிந்தது.

நிறுவனங்களின் வரலாற்றை மட்டும் எழுதுவோர் இவ்விடத்தில் ‘திட்டம் தோல்வியுற்றது’ என முற்றுப்புள்ளியிடுவர். அதே 1946இல் எதிர்த்திசையிலிருந்து வந்த இளந்துறவியரை அவர்கள் காண்பதில்லை. அவர்களுள் ஒருவரான யே சுன் 1957 வரை, ஏறத்தாழப் பதினோராண்டுகள் இலங்கையிலே தங்கினார். ஈராண்டுப் புலமைப்பரிசிலைக் கொண்டு அளந்தால் இஃது அளவிறந்த காலம்! நாடு திரும்பியபின் பீக்கிங்கிற் கற்பித்த அவர், புத்தகோசரின் விசுத்திமார்க்கத்தைப் பாளியிலிருந்து நேரே சீன மொழியில் ஆக்கினார். இன்றும் சீன வாசகர் கையிலெடுப்பது அம்மொழிபெயர்ப்பையே. காஞ்சியில் வாழ்ந்ததாகத் தம் உரையொன்றிற் குறிப்பிடும் புத்தகோசர், அநுராதபுரத்தில் எழுதிய நூல் இவ்வாறு சீனம் சென்றது. ஃபாஃபாங்கும் 1950இல் மீண்டும் இங்கு வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்கலானார். மறு ஆண்டு ஒக்டோபரில் இங்கேயே மறைந்தார். சோம தேரரின் விமுத்திமார்க்க ஆங்கிலப் பதிப்பு, அவர் இறந்த மறு ஆண்டாகிய 1961இற் கொழும்பில் அச்சாயிற்று. பாளிக் கல்லூரி அமையாவிடினும் அதன் பாடத்திட்டம் இருகரையிலும் நிறைவேறியதெனின் மிகையன்று.

இவற்றிடையே தமிழ் எங்கு நிற்கின்றது? 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் அமைந்தது. 1911இற் காலியில் அகப்பட்ட அக்கல் கொழும்பு நூதனசாலையில் உள்ளது. தெனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளை அதன் தமிழ்ப் பகுதி கூறும். சீனப் பேரரசின் அரண்மனையில் அன்று தமிழ் எழுத வல்லார் இருந்தனர் என்பதன்றோ இதன் பொருள்? அத்தமிழ்ப் பகுதியை 1933இற் பதிப்பித்தவர் பரணவிதானவே. சீனத்தின் சுவான்சௌ நகரில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இவ்விரண்டின் தமிழ்ப் பகுதியை நாம் படிக்கின்றோம். சீனப் பகுதிக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை நாடுகின்றோம். வடபுலத்தாரோ எம்மை நாடி வந்துள்ளனர். ஹெல்சிங்கியின் அஸ்கோ பர்ப்போலா சிந்துவெளி எழுத்தைத் திராவிட மொழியாகப் படிக்கும் தம் முயற்சியை 1969 முதல் வெளியிட்டு வந்தார்; அம்முடிபை ஏற்பதும் மறுப்பதும் வேறு; அதற்கெனப் பின்லாந்தில் ஒருவர் எம்மொழிக் குடும்பத்தைக் கற்றார் என்பதே இங்கு வேண்டுவது.

உப்சாலாப் பல்கலைக்கழகம் 1961இல் தொடங்கிய அறிவியல் நிகழ்ச்சித்திட்டத்திற் பின்னர் வளர்ந்த முறையொன்றை எமது கலைப்பீடங்கள் ஆராய்தல் நன்று. அம்முறையில் ஆய்வு மாணவர் சில திங்கள் சுவீடனிலும் எஞ்சிய காலம் தாய்நாட்டிலுமாக மாறி மாறிப் பணியாற்றுவர். ஆய்வுப் பொருளும் ஆய்வுகூடமும் தாய்நாட்டிலே வளரும். இலங்கை இரசாயனவியலார் இதனாற் பயன்பெற்றுள்ளனர். கல்வெட்டியலுக்கும் கடல்வாணிப வரலாற்றுக்கும் இம்முறை பொருந்தாதென்பதற்கு யாம் காரணம் எதனையும் காணவில்லை. ஃபாஃபாங் பயின்ற வித்தியாலங்காரம் 1959இற் பல்கலைக்கழகமாகி, இன்று களனிப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. சீன மொழி அங்கு கற்பிக்கப்படுகின்றது. மட்டக்குளியிலிருந்து ஆற்றைக் கடந்து சில மைல் தூரமே.