கூடைப்பந்தாட்டத்தில் எறிதல் புள்ளிவிவரங்கள்

ஒரு வீரர் கூடையை நோக்கி எத்தனை முறை பந்தை எறிந்தார், எத்தனை விழுந்தன, அவற்றால் அணிக்குக் கிடைத்த புள்ளிகள் எத்தனை என்பவற்றைக் கணக்கிடும் அளவுகள் எறிதல் புள்ளிவிவரங்கள் எனப்படும். வீரரின் திறனை மதிப்பிட இவை பெரிதும் உதவுகின்றன. எனினும் எந்த ஒரு எண்ணும் தனித்து நின்று முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதே இவற்றின் வரலாறு காட்டும் பாடம்.

தொடக்ககாலம்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் இவ்விளையாட்டை உருவாக்கினார். பின்னாளில் என்.பி.ஏ. எனப் பெயர் பெற்ற தொழில்முறைத் தொடர் 1946-47இல் தொடங்கியது. அதில் ஆட்டத்துக்குச் சராசரியாக 23.2 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்ற ஜோ ஃபுல்க்ஸின் எறிதல் விழுக்காடு 30.5 மட்டுமே. இன்று இது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் அந்தப் பருவத்தில் தொடரின் மொத்தச் சராசரியே 27.9 விழுக்காடுதான். எனவே ஒருவரின் விழுக்காட்டை அவர் காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

மூன்று புள்ளிக் கோடு

1979இல் என்.பி.ஏ.வும், 1984இல் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீபாவும் மூன்று புள்ளிக் கோட்டை ஏற்றன. அதன்பின் பழைய விழுக்காடு போதாமல் போனது. இரண்டு புள்ளி எறிகள் பத்தில் ஐந்தைப் போடுபவர் 10 புள்ளிகள் பெறுகிறார். மூன்று புள்ளி எறிகள் பத்தில் நான்கைப் போடுபவர் 12 புள்ளிகள் பெறுகிறார். ஆனால் பழைய கணக்கில் முன்னவருக்கு 50, பின்னவருக்கு 40. மூன்று புள்ளி எறியை ஒன்றரை மடங்காகக் கொள்ளும் திருத்திய விழுக்காடு இதைச் சரிசெய்து, பின்னவருக்கு 60 தருகிறது. தனி எறிகளையும் சேர்த்துக் கணக்கிடுவது உண்மை எறிதல் விழுக்காடு. மொத்த எறிகளோடு தனி எறிகளின் 0.44 பங்கைக் கூட்டி, அதன் இருமடங்கால் புள்ளிகளை வகுத்தால் இது கிடைக்கும்.

ஒரே எண், இரு வீரர்கள்

2014-15 பருவத்தில் டிஆண்ட்ரே ஜோர்டனின் எறிதல் விழுக்காடு 71.0, ஸ்டீபன் கறியுடையது 48.7. ஆனால் தனி எறிகளில் ஜோர்டன் 39.7 விழுக்காடும் கறி 91.4 விழுக்காடும் போட்டனர். கறியின் எறிகளில் ஏறத்தாழப் பாதி மூன்று புள்ளி எறிகள். அனைத்தையும் சேர்த்தால் இருவரின் உண்மை எறிதல் விழுக்காடும் 63.8.

அதனால் இருவரும் சமமானவர்கள் ஆகிவிடவில்லை. ஜோர்டன் எறிந்தது 534 முறை. பெரும்பாலும் கூடையின் அருகில், தோழர்கள் கொடுத்த பந்தை. கறி எறிந்தது 1,341 முறை. பல எறிகள் தொலைவிலிருந்து, தாமே உருவாக்கிக்கொண்ட வாய்ப்பில். அப்பருவத்தின் மிகச்சிறந்த வீரர் விருது கறிக்கே கிடைத்தது. விழுக்காடு எறியின் விளைவைச் சொல்லும். அதன் சுமையையும் கடினத்தையும் சொல்லாது.

இக்குறையைப் போக்க, புவியியலாளர் கர்க் கோல்ட்ஸ்பெரி 2012இல் எறியும் இடங்களை வரைபடமாக்கினார். 2013-14 முதல் என்.பி.ஏ. அரங்குகள் அனைத்திலும் ஒளிப்படக் கருவிகள் வீரர்களின் நகர்வைப் பதிவு செய்தன.

ஸ்கோர் ஷீட்டில் இல்லாதவை

ஃபீபாவின் அதிகாரப்பூர்வ ஸ்கோர் ஷீட்டில் விழுந்த எறிகளும் தவறுகளும் குறிக்கப்படுகின்றன. விழாத களஎறிகளுக்கு அதில் இடமில்லை. எனவே அந்தத் தாளை மட்டும் பேணும் பள்ளி, மாவட்டப் போட்டிகளில் மேற்கண்ட அளவுகள் எதையும் கணக்கிட இயலாது. 25 முறை எறிந்து 20 புள்ளிகள் எடுத்தவர், 10 முறை எறிந்து 14 புள்ளிகள் எடுத்தவரைவிடச் சிறந்தவராக அதில் தெரிவார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் இதைச் சரிசெய்யலாம். ஆடுகளத்தின் படம் வரைந்த தாளில், எறிந்த இடத்தில் விழுந்ததற்கு ஒரு குறியும் விழாததற்கு வேறொரு குறியும் இட்டால் போதும். அணித் தேர்வின்போது மொத்தப் புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்துபோகும் வீரர்களும் வீராங்கனைகளும் அந்தத் தாளில் தெரியவருவர்.