ஒரு நுழைவுச்சீட்டின் வரலாறு

இலண்டன் றோயல் நிறுவனத்துக்கு 1812ஆம் ஆண்டு ஓர் இளைஞன் விரிவுரை கேட்கச் சென்றான். கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவன். நுழைவுச்சீட்டு அவன் பணங்கொடுத்து வாங்கியதன்று. கடைக்கு வந்துபோகும் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்தது. ஹம்பிரி டேவியின் நான்கு விரிவுரைகளையும் கேட்டுக் குறிப்பெழுதி, நூலாகக் கட்டி, டேவிக்கே அனுப்பிவைத்தான். மறு ஆண்டே அந்நிறுவனத்தில் உதவியாளனானான். அவன்தான் மைக்கல் பரடே.

இளையோருக்கான நத்தார் விரிவுரைகள் 1825இல் அங்கு ஆரம்பமாயின. 1860இன் இறுதியில் பரடே அம்மேடையில் மெழுகுதிரி ஒன்றைப் பொருளாகக் கொண்டு ஆறு விரிவுரைகளைத் தொடங்கினார். சுடரின்மேல் குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்து, நெருப்பிலிருந்து நீர்த்துளி உண்டாவதைச் சிறுவருக்குக் காட்டினார். வீட்டிலும் செய்து பார்க்கத்தக்க பரிசோதனை அது.

கணிதமோ அம்மேடை ஏற 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு பேராசிரியர் கிறிஸ்தோபர் சீமன் நிகழ்த்திய விரிவுரைகள் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாகின. அவற்றின் தொடர்ச்சியாக, 1981இல் பாடசாலை மாணவருக்கான கணித வகுப்புகள் தோன்றின. பெரும்பாலும் சனிக்கிழமைக் காலைகளில் நடைபெறும் இவ்வகுப்புகளின் நோக்கம் பரீட்சைப் புள்ளியன்று. பாடத்திட்டத்துக்கு அப்பாலுள்ள கணிதத்தை மாணவர் தாமே செய்து, கண்டு, வியப்பதே.

விரிவுரைகளும் வகுப்புகளும் இன்றும் தொடர்கின்றன. ஆயினும் எனக்கு அடிக்கடி நினைவில் எழுபவர் அந்த வாடிக்கையாளரே. அவர் அச்சீட்டைத் தம் நண்பர் ஒருவருக்குக் கொடுத்திருப்பின், மின்னியலின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும்? அறிவார்வம் எவ்வீட்டிலும் பிறக்கலாம். அதற்குரிய நுழைவுச்சீட்டு எல்லா வீடுகளுக்கும் வந்து சேருகிறதா என்பதே கேள்வி.