மாற்று அச்சும் மூட்டு அச்சும்

அச்சு முறிந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வாணிகம் நிற்கும். பண்டை நாள் உப்பு வணிகர் இந்த உண்மையை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர்; மேட்டிலும் பள்ளத்திலும் பட்டறிந்தவர். ஆகவே வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்பட்டனர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார் அவனுக்கு உவமையாக எடுத்தாண்டது அந்த மரத்துண்டைத்தான்! புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இதைக் காணலாம். வண்டியின் அடிவயிற்றில் தொங்கும் கருவியை வேந்தன் மகனுக்கு ஒப்பிடக் கூசாத நெஞ்சம் அந்நாளில் இருந்தது. இன்றோ, அச்சைத் தொட்டவன் கை அழுக்குக் கை என்று முகம் சுளிப்போர் எத்துணைப் பேர்!

பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி ஏற்றிய மாட்டு வண்டிக்கு அச்சு என்பது அசையாப் பொருள். சக்கரம் சுழலும், அச்சு சுழலாது. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டிமையைக் குடத்தில் தடவினால் போதும். மோட்டார் வண்டியின் முன்சக்கரத்தை எந்திரமே சுழற்ற வேண்டுமென்றால், கதை வேறு. அச்சு தானும் சுழல வேண்டும். பள்ளத்தில் சக்கரத்தோடு ஏறி இறங்க வேண்டும். இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். வளையும் தண்டு, விசையைக் குறையாமல் கடத்துவது எங்ஙனம்?

17ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் இராபர்ட் ஊக் ஆராய்ந்த சிலுவை மூட்டு முதல் விடை. லாரிப் பட்டறைகளில் ‘கிராஸ்’ என்று வழங்குகிறார்களே, அதுதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. கோணத்தில் நிற்கும்போது, ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும், மறு தண்டு ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். கோணம் மிக மிகத் துடிப்பும் மிகும். பின்சக்கர வண்டியின் நீண்ட தண்டில், இரு முனையிலும் ஒவ்வொரு மூட்டு வைத்து இந்தக் குறையைச் சமன் செய்யலாம். வளைந்து திரும்பும் முன்சக்கரத்தில் அது எளிதன்று.

இரு நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சிக்கல் காத்திருந்தது. 1920களில் பிரான்சு நாட்டு கிரெகுவார் ஒரு வழி கண்டார். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் செப்பா மற்றொரு வழி கண்டு, 1928இல் காப்புரிமை பெற்றார். கிண்ணம் ஒன்று; அதனுள் குமிழ் ஒன்று; இரண்டிலும் வளைந்த பள்ளங்கள்; பள்ளங்களுக்கிடையே ஆறு எஃகுக் குண்டுகள்; குண்டுகளை ஒரே தளத்தில் நிறுத்த ஒரு கூண்டு. தண்டுகள் எந்தக் கோணத்தில் நின்றாலும், அந்தத் தளம் கோணத்தைச் சரிபாதியாக வெட்டி நிற்கும். ஆகவே இரு தண்டும் ஒரே வேகம். சீர்வேக மூட்டு எனலாம். பட்டறைச் சொல் சி.வி. ஜாயிண்ட். 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி என்னும் சிறு கார் இத்தகைய மூட்டை எளியோர் வண்டிக்கும் கொண்டுவந்தது.

நம் நாட்டில் பன்னெடுங்காலம் சாலையை ஆண்ட அம்பாசடர் பின்சக்கரத்தால் உந்தப்படும் வண்டி. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே முன்சக்கர அச்சும் அதன் மூட்டும் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பரவலாக அறிமுகமாயின. கிராஸ் மாற்றிப் பழகிய கைகள் குண்டும் கூண்டும் பழகின. கல்லூரி கற்பிக்கவில்லை, பிரித்துப் பார்த்தே கற்றார்கள்.

அரியலூரில் இந்த மூட்டுக்கு ஒரு தனிப் பகை உண்டு. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் கடலடி. சிப்பியும் சங்கும் படிந்த சுண்ணாம்புக்கல் அதன் செல்வம். அரசு சிமெண்ட் ஆலை 1979 முதல் அங்கு இயங்குகிறது. தனியார் ஆலைகளும் பல. சுரங்கச் சாலைகளில் புழுதி பறக்கும். மூட்டின் மேலே மடிப்பு மடிப்பான ரப்பர் உறை இருக்கும்வரை கவலையில்லை. உறை கிழிந்தாலோ கிரீஸ் வெளியே சிதறும், புழுதி உள்ளே நுழையும். அரைக்கும் மாவு போல் எஃகைத் தேய்க்கும். பழங்கடல் பழிவாங்குகிறது என்று புராணிகர் சொல்லக்கூடும். கிழிந்தது ரப்பர், அவ்வளவே! ஆயுத பூசையன்று சக்கரத்தின் கீழ் எலுமிச்சை நசுக்குவோர், அதே குனிவில் உறையை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

பழுதின் குரல் தெளிவானது. திருப்பத்தில் ‘டக் டக்’ என்னும் ஒலி. உடனே ‘ஆக்சிலையே மாற்று’ என்பது சில கடைகளின் வழக்கம். தேர்ந்த தொழிலாளி அப்படிச் சொல்வதில்லை. சக்கரத்தையும் நடு நட்டையும் கழற்றி, கீழ்க் கையின் பந்து மூட்டை விடுவித்து, அச்சை வெளியே எடுக்கிறார். பழைய கிரீஸை இரு விரலில் தேய்த்துப் பார்க்கிறார். நறநறத்தால் மண் புகுந்துவிட்டது. கிண்ணம், கூண்டு, குமிழ் மூன்றுக்கும் அடையாளக் கோடிட்டு, கூண்டைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துகிறார். பிறகு பள்ளத்தில் நகத்தை ஓட்டுகிறார். நகம் தடுக்கினால் அந்த மூட்டுக்கு முடிவுதான். அதை மறைத்து மீண்டும் பூட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். தடுக்கவில்லையா? அந்தந்தக் குண்டு அந்தந்த இடத்தில் அமர்கிறது. மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸ், புதிய உறை, புதிய பட்டை, புதிய நட்டு. சில நூறு ரூபாயில் தீர்வது, சில ஆயிரத்தைக் காக்கிறது.

இந்த நகத்தின் தீர்ப்பை எந்தப் பட்டத்தில் எழுதித் தந்தார்கள்? எழுதப்படாத இந்தக் கல்வி, கழற்றி எறிந்து புதியது மாட்டும் வழக்கத்தால் ஒரு தலைமுறையோடு மறையக்கூடும். இளைஞன் அருகிருந்து பார்க்கப் பிரித்த மூட்டு வேண்டுமே!

வேலை முடிந்ததும் வண்டியை வெளியில் எடுக்கிறார். திருப்பு வட்டை முழுதும் இடப்புறம் ஒடித்து ஒரு சுற்று; முழுதும் வலப்புறம் ஒடித்து ஒரு சுற்று. சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்கிறார். ஒலி இல்லை.